சமூகப் பணி படிச்சு முடிச்சாச்சு, அடுத்து என்ன? நெல்லைச் சீமையில் முதல் வருடத்துக்கான கேள்வி பதில்கள்

ஒவ்வொரு வருடமும் எம்.எஸ்.டபிள்யூ என்கிற சமூகப் பணி முதுகலைத் தேர்வு முடிவு வந்த கையோடு எனக்கு போன் வரத் தொடங்கும். வள்ளியூரிலிருந்து ஒரு பெண், மானூரிலிருந்து ஒரு பையன், திசையன்விளையிலிருந்து இன்னொருவர். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. களப்பணி மாணவர்களோடும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களோடும் நெடுநாளாகப் பழகுகிறவள் என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிட்டேன். வக்கீல், நர்ஸ் மாதிரி எங்கேயாவது பதிவு பண்ணணுமா?

பொதுவாக வேண்டாம். இந்தியாவில் சமூகப் பணிக் கல்வி 1936-ல் பம்பாயில் ஆரம்பித்தது. சென்னையில் 1952-ல் கல்லூரி வந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் எல்லாச் சமூகப் பணியாளர்களையும் பதிவு செய்கிற சட்டபூர்வ மன்றம் நம்மிடம் இல்லை. ஆனால் மருத்துவத் துறைக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுகாதாரம் சார்ந்த தொழில்களுக்காக 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ சமூகப் பணியாளரும் மனநல சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநல சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள எம்.எஸ்.டபிள்யூ மட்டும் போதாது, அதற்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில் வேண்டும்.

இங்கிலாந்தில் பதிவு இல்லாமல் சமூகப் பணியாளர் என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 2012 முதல் ஒரு வருட ஆதரவுக் காலம் அங்கே இருக்கிறது. அந்த வருடம் கேஸ்களைக் குறைவாகத்தான் கொடுப்பார்கள், முறையான மேற்பார்வை இருக்கும், முடிவில் மதிப்பீடும் உண்டு. நம் ஊரில் சேர்ந்த மறு வாரமே முழுச் சுமையையும் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். சட்டம் தராத அந்த ஆதரவை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றியவையே.

ரெண்டு வருஷம் களப்பணி போயிருக்கோமே, அது போதாதா?

அடித்தளத்துக்குப் போதும். ஆனால் களப்பணியில் முடிவை எடுத்தது இன்னொருவர். நீங்கள் பார்த்தீர்கள், எழுதினீர்கள், கையெழுத்து வாங்கினீர்கள், பருவம் முடிந்ததும் கிளம்பினீர்கள். வேலையில் அப்படி இல்லை. "பாத்துக்கலாம்க்கா" என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்தால், அதை நம்பி ஒரு வீட்டில் காத்திருப்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் வேலை எங்கதான் இருக்கு?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. ஆலோசனை மையங்கள், தனியார் மருத்துவமனைகள், குழந்தைகள் இல்லங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் நூறு வருடத்துக்கு மேலாகப் பள்ளிகள் நடக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-லிருந்து அமர் சேவா சங்கம் இருக்கிறது.

அரசுத் திட்டங்களில் பெரும்பாலான இடங்கள் ஒப்பந்த அடிப்படைதான். சம்பளம் நீங்கள் படித்த படிப்புக்குக் குறைவாகவே இருக்கும். இதை மூடி மறைத்து யாரையும் இந்த வேலைக்கு அழைக்கக் கூடாது என்பது என் கருத்து. நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "எனக்கு மேற்பார்வை யார்? ஒரே சமயத்தில் எத்தனை கேஸ் பார்க்க வேண்டியிருக்கும்?" பதில் சொல்ல முடியாமல் அவர்கள் திணறினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் என்ன செய்யணும்? யாரும் சொல்லித் தர மாட்டேங்காங்க.

எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று படியுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு என்றைக்கு, எங்கே கூடுகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகம் எது. மகளிர் காவல் நிலையங்கள் எவை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே இருக்கிறது. போனில் விசாரித்துக் குறித்துக்கொண்டால் போதாது. ஒரு தடவையாவது நேரில் போய், "புதுசா சேர்ந்திருக்கேன் சார், முகத்தைக் காட்டிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவசரத்தில் பேசும்போது முகம் தெரிந்தவருக்குக் கிடைக்கிற பதில் வேறு.

மாவட்ட எல்லையும் முக்கியம். பழைய திருநெல்வேலியிலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. ஆலங்குளம், கடையத்து ஜனங்கள் இன்னமும் சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் பிள்ளையின் விவகாரம் தென்காசிக் குழுவுக்குப் போக வேண்டும். அதே மாதிரி, பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று ராதாபுரத்துப் பெரியவர் ஒருவர் 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மனுப் போட வேண்டுமானால் சேரன்மகாதேவி கோட்டாட்சியரிடம் போக வேண்டும். இது தெரியாமல் அவரை நெல்லைக்கு அலைய விட்டால் ஒரு நாள் போச்சு, பஸ் காசும் போச்சு, நம் மேல் வைத்த நம்பிக்கையும் போச்சு.

எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. பலருக்கு இது தெரியாது.

வீட்டு விசிட் போனா பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது?

முதலில் எந்த நேரத்தில் போகிறோம் என்று பார்க்க வேண்டும். முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றுகிற வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். அந்த அக்காவுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கணக்கு ஒப்படைக்க ஒரு நேரம் இருக்கிறது. "கொஞ்ச நேரம் அதைக் கீழே வைங்கக்கா, பேசணும்" என்றால் நீங்கள் அவர் கூலியில் கை வைக்கிறீர்கள். தட்டு அவர் மடியிலேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். இலை வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் நடந்துகொண்டே இருக்கும், கண் தட்டிலேயே இருக்கும். நேருக்கு நேர் முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள் அப்படித் தலை குனிந்திருக்கும்போதுதான் வெளியே வருகின்றன.

படிவத்தைக் கையில் எடுக்காதீர்கள். அந்த வீட்டு வேலையைப் பற்றிய கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். பீடிக் கடையில் கணக்கு எழுதுகிற புத்தகத்தைப் பற்றி, "பாஸ்புக் யார் பேர்ல இருக்குக்கா?" என்ற ஒரு கேள்வியே நிறையச் சொல்லிவிடும். சுற்றுவது மருமகள், புத்தகம் மாமியார் பேரில் என்றால், வருங்கால வைப்பு நிதி யாருக்குச் சேர்கிறது, வீட்டில் காசு யார் கையில் இருக்கிறது, இந்தப் பெண் தனியே போக நேர்ந்தால் கையில் என்ன இருக்கும் என்று எல்லாம் விளங்கிவிடும். வயதான பெண்களை ஆச்சி என்றும், ஆண்களை அண்ணாச்சி, ஐயா என்றும் கூப்பிடுங்கள். உத்தியோகத் தோரணையில் பேசினால் பதிலும் உத்தியோகத்துக்குச் சொல்கிற பதிலாகவே வரும்.

கிளம்பும் முன் எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அலுவலகத்தில் எழுதி வையுங்கள். கடைசி பஸ் எது என்று தெரியாமல் எந்த ஊருக்கும் போக வேண்டாம். காரையார் மலைமேல் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் போவதானால் பாபநாசத்தில் வனத்துறை அனுமதி வேண்டும். அங்கெல்லாம் செல்போனை நம்ப முடியாது என்பதால் இரண்டு பேராகப் போங்கள்.

போன வீட்டுல "நீங்க எந்த ஆளுக?"ன்னு கேக்காங்க. என்ன சொல்ல?

சாதியைக் கேட்கிற இந்தக் கேள்வி வராத நாளே இருக்காது. நேரே கேட்காவிட்டால் "சொந்த ஊரு எது? எந்தத் தெரு? அப்பா பேரு?" என்று சுற்றி வளைத்து வரும். பொய் சொல்ல வேண்டாம், பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. "அது நான் பாக்குற வேலைக்கு வேண்டாம் ஆச்சி. பேத்தி படிப்பு விஷயமா வந்திருக்கேன்" என்று முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் அதே பதில்தான்.

உங்கள் வாய் சொல்கிற பதிலைவிட உங்கள் நடத்தையை ஊர் கவனிக்கும். ஒரு தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த தெருவில் "இப்பதான் குடிச்சேன்" என்றால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். யார் பைக்கில் வந்து இறங்கினீர்கள், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூட்டம் போட்டீர்கள், முதலில் எந்தத் தெருவுக்குப் போனீர்கள், எல்லாம் கணக்கில் வரும். எல்லா வீட்டிலும் உட்காருங்கள், எல்லா வீட்டிலும் தண்ணீர் குடியுங்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியதை நாம் மறக்க முடியாது. அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளுக்குப் பேசப் போகிற புதியவர்கள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுப் போக வேண்டும். நம் பகுதியில் சாதியைத் தொடாமல் "ஒற்றுமையாக இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதை நான் ஆலோசனையாக ஏற்க மாட்டேன்.

பட்டியல் சாதியிலிருந்து வந்திருக்கும் இளம் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. விசிட்டில் உங்களை யாராவது இழிவாகப் பேசினால் அதைப் பொறுத்துக்கொள்வது உங்கள் வேலையின் பகுதி கிடையாது. அன்றைக்கே எழுதி மேலே கொடுங்கள். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஓடவே நேரம் பத்தல. கேஸை எழுதித்தான் ஆகணுமா? எப்படி எழுதணும்?

எழுதாத விசிட் நடக்காத விசிட். அன்றைக்கே எழுதுங்கள். புதியவர்களின் நோட்டில் நான் அதிகம் பார்ப்பது இதுதான்: "குடும்பச் சூழல் சரியில்லை. தாய் ஒத்துழைக்கவில்லை. ஆலோசனை வழங்கப்பட்டது." இதைப் படித்து அடுத்தவர் எதையும் செய்ய முடியாது.

அதே விசிட்டை இப்படி எழுதலாம்: "செவ்வாய் காலை 10.40. வீட்டில் தாயும் கைக்குழந்தையும். தாய் பீடி சுற்றிக்கொண்டே பேசினார். மூத்த பெண் மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்றார். 'அவ பள்ளிக்கூடம் போனா தம்பியை யாரு பாத்துக்கிடுவா?' என்று கேட்டார். பெண் அப்போது வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. அடுத்து: வியாழன் பள்ளியில் வருகைப் பதிவேடு பார்ப்பது, அங்கன்வாடியில் கைக்குழந்தையைச் சேர்க்க வழி கேட்பது, பெண்ணை நேரில் பார்க்காமல் இந்த வாரம் முடிக்கக் கூடாது." கண்ணால் பார்த்தது, அவர்கள் சொன்னது, நான் நினைப்பது என்று மூன்றும் கலந்துவிடாமல் இருக்க வேண்டும். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிய இடத்தில் ஒரு தாய்க்குப் பிள்ளை பார்க்க ஆள் இல்லை என்பதுதான் விஷயம். எழுதும்போதுதான் அது நமக்கே புலப்படுகிறது.

ஒரு பிள்ளை என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா"ன்னு அழுதா?

அந்த வாக்கை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பேச்சைத் தொடங்கும்போதே இப்படிச் சொல்லிவிடலாம்: "நீ சொல்றதை ஊர்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிருவேன்."

பாலியல் குற்றம் என்றால் 2012-ன் போக்சோ சட்டம் நமக்குத் தெரிவு எதையும் விட்டுவைக்கவில்லை. அறிந்தவர் எவராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. "மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன்" என்பதோடு உங்கள் கடமை முடியாது. அந்தப் பிள்ளைக்குத் துணிவு தரும் விவரங்களும் சட்டத்திலேயே இருக்கின்றன: வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும், எடுப்பவர் கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளராக இருக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது, இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். விசாரணையிலும் வழக்கிலும் பிள்ளைக்குத் துணையாக நிற்கும் ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். போட்டோவோ பெயரோ, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கூட, போடக் கூடாது.

ஊர்ப் பெரியவங்க "போலீஸ் எதுக்கு, நாங்களே பேசி முடிச்சுக்கிடுதோம்"னு சொன்னா?

மாமியார் மருமகள் சண்டை, வரப்புத் தகராறு என்றால் பேசி முடிக்கட்டும், நல்லதுதான். குழந்தை மேல் நடந்த குற்றத்தையும் வன்கொடுமையையும் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிக்க முடியாது. பணம் கொடுத்தாலும், அந்தப் பெண்ணையே கட்டிவைக்கிறோம் என்றாலும் குற்றம் குற்றம்தான். முந்தைய பதிலில் சொன்ன கடமை ஊர்க்கூட்டத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும்.

அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். "நீங்க பெரியவங்க, உங்க பேச்சை நான் தட்டல. இதைத் தெரிவிக்கலன்னா என் மேல வழக்கு வரும் அண்ணாச்சி" என்று சட்டத்தின் மேல் பாரத்தைப் போடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருந்தால், "ஆபீஸ்ல இருந்து வந்த பிள்ளையும் சம்மதிச்சிட்டு" என்று பேச்சு மாறிவிடும்.

நாளைக்குக் காலையில கல்யாணம், பொண்ணுக்கு பதினாறுதான்னு ராத்திரி போன் வந்தா?

உடனே 1098. அதோடு மாவட்டச் சமூக நல அலுவலர்; குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் பொறுப்பு அவரிடம் இருக்கிறது. தனியாக மண்டபத்துக்குப் போகாதீர்கள். 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நீதித்துறை நடுவர் தடையாணை போட முடியும். ஆணையை மீறி நடக்கிற திருமணம் செல்லாது. பெண்ணை அழைத்து வந்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். தகவல் சொன்னவர் யார் என்று எவரிடமும் சொல்லக் கூடாது.

வேலை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நிறுத்திய கல்யாணத்தை மூன்று மாதம் கழித்து வெளியூர்க் கோயிலில் நடத்திவிடுவார்கள். பள்ளியில் திரும்பச் சேர்த்தாயிற்றா, கடனுக்காகக் கட்டிக் கொடுக்கப் பார்த்தார்களா, வீட்டில் அவளை எப்படி நடத்துகிறார்கள் என்று மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும்.

மேற்பார்வைன்னா "இந்த மாசம் எத்தனை கேஸ்?"னு கேக்குறதுதானா?

பெரும்பாலான இடத்தில் அப்படித்தான் ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் என்னை அதிகம் வருத்துவதும் அதுதான். மேற்பார்வை என்பது ஒரு கேஸை எடுத்து வைத்து, "நீ ஏன் இப்படி முடிவு பண்ணின? வேற எப்படிப் பாக்கலாம்? உனக்கு எங்க கஷ்டமா இருக்கு?" என்று உட்கார்ந்து பேசுவது. வாரம் ஒரு மணி நேரமாவது வேண்டும். நீங்களே கேளுங்கள்: "மேடம், வெள்ளி சாயங்காலம் அரைமணி நேரம் ரெண்டு கேஸ் பேசணும்." கேள்வியைத் தயார் செய்துகொண்டு போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அதற்கும் வழியில்லை என்றால் உங்களைப் போல வேலை பார்க்கிற நாலைந்து பேர் சேருங்கள். ஆஸ்பத்திரியில் ஒருவர், குழந்தைகள் இல்லத்தில் ஒருவர், தொண்டு நிறுவனத்தில் ஒருவர். மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையில் கூடி, பெயரும் ஊரும் சொல்லாமல் கேஸ்களைப் பேசுங்கள். டீக்கடையில் வேண்டாம், கதவு மூடிய அறை வேண்டும். இப்படிக் கூடுகிறவர்கள்தான் இந்த வேலையில் நிலைக்கிறார்கள் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

சொந்த ஊர்லயே வேலை. தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க கேஸே வருது.

சொந்தக்காரர் கேஸை நீங்கள் எடுக்க வேண்டாம். உறவை எழுத்தில் தெரிவித்து வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள். தெரிந்தவர் என்றால் முதல் சந்திப்பிலேயே, "கோயில் கொடை, கல்யாணம்னு எங்கயாவது பாத்தா நானா வந்து இதைப் பத்திப் பேச மாட்டேன்க்கா, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். வேலைக்குத் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் காப்பி குடிக்கலாம். பை நிறைய முருங்கைக்காயும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தால், மனம் நோகாமல் மறுக்கப் பழக வேண்டும்.

ராத்திரி தூக்கம் வரல. இந்த வேலை எனக்கு ஒத்துவராதோன்னு தோணுது.

ஒத்துவராது என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஊர்களைச் சூழ்ந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பலர் நிவாரண முகாம்களில் வேலை பார்த்தார்கள். வீடு போனவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, தண்ணீர் வடிந்த பிறகுதான் அவர்களுக்குத் தூக்கம் போனது. அடுத்தவர் துயரத்தைத் தினமும் கேட்கிறவருக்கு இது வரும். மேலே சொன்ன மேற்பார்வையில் இதைத்தான் முதலில் பேச வேண்டும். 14416 நமக்கும்தான், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நீங்கள் பார்த்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், அந்த வாரமே அலுவலகத்தில் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அடுத்த கேஸைக் கையில் கொடுத்து அனுப்பினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

பார்க்காத வீட்டைப் பார்த்ததா எழுதச் சொல்றாங்க. ஒப்பந்த வேலை, என்ன பண்ண?

எழுதாதீர்கள். சமூக விசாரணை அறிக்கையை வைத்துத்தான் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகலாமா, இல்லத்தில் இருக்க வேண்டுமா என்று குழந்தைகள் நலக் குழு முடிவு செய்கிறது. வீட்டைப் பார்க்காமல் "பாதுகாப்பானது" என்று எழுதினால், அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு குழந்தையை அங்கே அனுப்புவார்கள்.

மோதாமல் மறுக்கவும் வழி இருக்கிறது. "நேரில் செல்ல இயலவில்லை, தாயுடன் தொலைபேசியில் பேசினேன், இந்தத் தேதியில் செல்கிறேன்" என்று உள்ளதை எழுதிக் கொடுங்கள். அப்புறமும் வற்புறுத்தினால், "சரி சார், இதை எழுத்துல குடுங்க" என்று கேளுங்கள். அநேகமாக அத்தோடு நின்றுவிடும். நிற்காத இடமும் உண்டு, அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போகலாம். அந்த விலை சிறியது என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே வெளியே நாலு பேரைத் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த வேலை அவர்கள் மூலமாக வரும்.

ஒப்பந்தம் முடியப் போகுது. என் கேஸ்களை என்ன பண்ண?

ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பக்கம்: இப்போது நிலைமை என்ன, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், அடுத்த தேதி எது, எதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் முறையாக எழுதி வந்திருந்தால் இது இரண்டு நாள் வேலைதான். உங்கள் இடத்துக்கு ஆள் வந்திருந்தால் முக்கியமான வீடுகளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்யுங்கள். ஆள் வரவில்லை என்றால் பட்டியலை மேலதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

குழந்தைகளிடம் கடைசி நாளில் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று சந்திப்புக்கு முன்பே சொல்லுங்கள். "திரும்ப வருவேன்" என்று சொல்ல வேண்டாம். இனி யார் வருவார்கள், அவர் பெயர் என்ன, அவசரம் என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். வேலைக்கு வைத்திருந்த சிம்மை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், அந்த எண்ணுக்கு அவர்கள் கூப்பிடும்போது யாராவது எடுக்க வேண்டும்.